ஹோட்டல் இணையதளம் படுத்துக்கொள்வது சர்வர் சின்னது என்பதால் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாத விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அறை எடுக்கப் போனால் ஹோட்டல்களின் இணையதளம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று உங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாகக் கடிதங்கள் வருகின்றன. அதில் ஒருவர், ஒரு இரவுக்கு எட்டாயிரம் பத்தாயிரம் வாங்குகிறவர்கள் ஒரு பெரிய சர்வர் வாங்கிப் போடக் கூடாதா என்று கேட்டிருந்தார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் சொல்லியிருக்கும் வைத்தியம் தப்பு. அந்த வைத்தியத்தை நம்பி ஹோட்டல் முதலாளிகள் பணத்தைக் கரைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன். கோவையில் இருந்துகொண்டு ஹோட்டல்களுக்கு இணையதளம் கட்டிக் கொடுப்பதும், வேறு யாரோ கட்டியது சீசனில் படுத்துவிட்டால் பிரித்துத் திரும்பக் கட்டுவதும்தான் என் பிழைப்பு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பக்கம் திறக்க அரை விநாடி ஆகிறது, விநாடிக்கு நூறு பேர் அதைக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சர்வருக்குள் சுமார் ஐம்பது பேர்தான் இருப்பார்கள். இப்போது அதே நூறு பேர்தான் வருகிறார்கள், ஆனால் உள்ளே தகவல்களைச் சேமித்து வைத்திருக்கும் டேட்டாபேஸ் திணறுவதால் பக்கம் திறக்க ஐந்து விநாடி ஆகிறது என்றால், உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது ஐந்நூறு பேர். வெளியில் ஒரு ஆள்கூடக் கூடவில்லை, உள்ளே கூட்டம் பத்து மடங்கு. அப்புறம் பொறுமை இழந்து ரெஃப்ரெஷ் அழுத்துகிறோம் இல்லையா, அப்படி அழுத்தும் ஒவ்வொருவரும் பழைய கேள்வியைக் கைவிட்டுப் புதிதாக ஒன்றை அனுப்புகிறார், சர்வருக்கோ அவர் பழையதைக் கைவிட்டது தெரியாது, அதற்கும் பதில் தயார் செய்துகொண்டிருக்கும். பாதிக்கு மேல் யாரும் படிக்கப் போகாத பதில்கள். ஹோட்டல் முதலாளி மறுநாள் அறிக்கையைப் பார்த்துவிட்டு "ஐயோ, எவ்வளவு கூட்டம்" என்று பூரித்துப் போவார். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களே திரும்பத் திரும்ப வந்திருப்பார்கள்.

இந்த நிலைமையில் பெரிய சர்வர் வாங்கினால் என்ன ஆகும்? முன்னால் நிற்கும் வெப் சர்வர்களை இரண்டு மடங்காக்கலாம், கிளவுடில் அது பத்து நிமிட வேலை. ஆனால் அத்தனையும் போய் நிற்பது பின்னால் இருக்கும் ஒரே டேட்டாபேஸ் முன்னால். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸை வாங்கிய அமைப்பிலேயே விட்டால் ஒரே நேரத்தில் 151 இணைப்பு வரை அனுமதிக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் என்றால் 100. அதை ஏற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் ஏற்ற ஏற்ற ஒவ்வொரு இணைப்புக்கும் கிடைக்கும் நினைவகமும் நேரமும் குறையும். முன்னால் ஆள் சேர்த்தால் பின்னால் இருப்பவனை இன்னும் நிறையப் பேர் நெருக்குவார்கள், அவ்வளவுதான். பெரிய சர்வர் போட்ட பிறகு முன்பைவிடச் சீக்கிரமாகப் படுத்த தளங்கள் உண்டு.

நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணத்துக்கு வருகிறேன். ஐஆர்சிடிசி-யை டிக்கெட் கம்பெனி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ரயில் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், ஓய்வறை, சுற்றுலா இதையெல்லாம் பார்த்துக்கொள்ள 1999-இல் ஆரம்பித்த நிறுவனம் அது. டிக்கெட் விற்கும் இணையதளம் 2002 ஆகஸ்டில்தான் வந்தது. தத்கல் நேரத்தில் அந்தத் தளம் எப்படி இருந்தது என்று 2010-ஐ ஒட்டிய வருடங்களில் கல்லூரியில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2014 ஆகஸ்டில் அதைப் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்று இருந்தது 7,200 ஆனது, ஒரே நேரத்தில் 40,000 பேரைத் தாங்கியது 1,20,000 பேரைத் தாங்கும் என்று அறிவித்தார்கள். 2025 மே 22-ஆம் தேதி ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானது என்பது ரயில்வே சொன்ன கணக்கு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 2025 ஜூன் கடைசியில், பின்னால் இருக்கும் முன்பதிவு அமைப்பையே மாற்றப் போவதாக ரயில்வே அறிவித்தது. அதில் இரண்டு எண்களைத் தனித்தனியாகச் சொன்னார்கள். டிக்கெட் பதிவு நிமிடத்துக்கு 32,000-இல் இருந்து 1.5 லட்சத்துக்கு மேல், விசாரணை நிமிடத்துக்கு 4 லட்சத்தில் இருந்து 40 லட்சத்துக்கு மேல் என்று. பதிவை சுமார் ஐந்து மடங்கும் விசாரணையைப் பத்து மடங்கும் ஏற்றுவது திட்டம். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். டிக்கெட் எடுப்பவர் ஒருவர் என்றால், இடம் இருக்கிறதா, வேறு வண்டி உண்டா, வெயிட்டிங் லிஸ்ட் எத்தனை என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றல்ல, ஒரே விதமாகக் கவனிக்க வேண்டிய கூட்டமும் அல்ல.

ஹோட்டல் தொழிலில் இது இன்னும் மோசம். லுக்-டு-புக் என்று நாங்கள் ஒரு விகிதம் பார்ப்போம். நூறு பேர் தளத்துக்கு வந்தால் அறை எடுப்பது ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் படம் பார்ப்பார்கள், மாமியாருக்கு அனுப்புவார்கள், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வருவார்கள். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, குடும்பம் என்றால் அப்படித்தான் முடிவெடுக்கும். ஆனால் நான் பிரித்துப் பார்க்கும் பெரும்பாலான தளங்களில், அந்த மாமியார் பார்க்கும் படத்துக்கும்கூட டேட்டாபேஸ் வரை போய்விட்டு வருகிறார்கள். ஒவ்வொரு முறை முகப்புப் பக்கம் திறக்கும்போதும் "இன்றைய விலை இவ்வளவு முதல்" என்று காட்டுவதற்காக எல்லாக் கிளைகளிலும் எல்லா அறை வகைகளுக்கும் விலை கணக்குப் போடுகிறது. அறை எடுக்க உண்மையாகவே கார்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இந்தக் கணக்குகளுக்கு எல்லாம் பின்னால் வரிசையில் நிற்கிறார்.

ஆகவே திரும்பக் கட்டுவது என்றால் எனக்கு முதல் வேலை பார்ப்பதையும் எடுப்பதையும் பிரிப்பதுதான். படங்கள், அறை விவரம், சாப்பாட்டு மெனு, எப்படி வருவது என்ற வரைபடம், இவை எதுவும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற சமாச்சாரம் இல்லை. ஒரு முறை பக்கமாகச் செய்து சிடிஎன் என்கிற விநியோக வலையில் வைத்துவிட்டால், சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் கிடங்குகளே பதில் சொல்லிவிடும், நம் சர்வருக்குத் தெரியவே வேண்டாம். எந்தத் தேதியில் அறை இருக்கிறது என்ற காலண்டரைக் கூட ஒரு முறை டேட்டாபேஸில் இருந்து எடுத்து, முப்பது விநாடியோ ஒரு நிமிடமோ தற்காலிகமாக வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே காட்டலாம். இங்கேதான் முதலாளிகள் பயப்படுவார்கள். "காலண்டரில் இருக்கிறது என்று காட்டிவிட்டு, அழுத்தினால் இல்லை என்றால் வாடிக்கையாளர் திட்ட மாட்டாரா?" திட்டுவார். ஆனால் காலண்டரே திறக்காவிட்டால் திட்டக்கூட நிற்காமல் போய்விடுவார். பார்க்கும்போது ஒரு நிமிடம் பழைய தகவலாக இருக்கலாம், எடுக்கும்போது மட்டும் அந்த நொடி நிலவரம் வேண்டும். இந்த ஒன்றை முதலாளி ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது, நிரல் எழுதுவதற்கு அவ்வளவு இல்லை.

அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1-ஆம் தேதி மருத்துவக் காப்பீட்டுக்காக ஹெல்த்கேர் டாட் கவ் என்று ஒரு அரசுத் தளத்தைத் திறந்தார்கள். முதல் நாள் முடிவில் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் ஆறே பேர். பணத்துக்கு அங்கே பஞ்சம் இல்லை. பல குளறுபடிகளில் முக்கியமான ஒன்று, எந்தத் திட்டம் என்ன விலை என்று சும்மா பார்ப்பதற்குக்கூட முதலில் கணக்கு தொடங்கி உள்ளே வர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த லட்சக்கணக்கானவர்களும் கணக்கு தொடங்கும் அந்த ஒரு இடத்தில் போய்க் குவிந்தார்கள், அது நசுங்கியது. பிறகு உள்ளே வராமலே விலை பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள், கூட்டம் மிஞ்சினால் காத்திருக்க ஒரு பக்கம் வைத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் ஐம்பதாயிரம் பேரைத் தாங்கும் என்று சொல்லும் நிலைக்கு வந்தது. இது தெரிந்த பிறகும் நம் ஊரில் விலை பார்க்கவே செல்பேசி எண்ணும் ஓடிபி-யும் கேட்கிற ஹோட்டல் தளங்கள் இருக்கின்றன. எண்ணை வாங்கி வைத்தால் பிறகு கூப்பிட்டு வியாபாரம் பிடிக்கலாம் என்று விற்பனைப் பிரிவு சொல்லிக் கொடுத்த யோசனை அது. ஓடிபி வரத் தாமதமானால் அந்த வியாபாரம் அங்கேயே முடிந்தது.

சரி, எடுப்பவர் பக்கத்துக்கு வருகிறேன். உண்மையான கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. ஹோட்டலில் நாம் விற்பது அறையை இல்லை, ஒரு அறையின் ஒரு இரவை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவு கேட்டால், டேட்டாபேஸில் இரவுக்கு ஒன்றாக இருக்கும் மூன்று வரிகளை வேறு யாரும் மாற்றாதபடி பூட்டி, மூன்றிலும் இடம் இருக்கிறதா என்று பார்த்து, மூன்றையும் குறைத்து, பிறகு பூட்டைத் திறக்க வேண்டும். ஒருவர் வெள்ளியைப் பூட்டிவிட்டுச் சனிக்குக் காத்திருக்கிறார், இன்னொருவர் சனியைப் பூட்டிவிட்டு வெள்ளிக்குக் காத்திருக்கிறார் என்றால் இரண்டு பேரும் நகர மாட்டார்கள், டேட்டாபேஸ் பார்த்து ஒருவரைத் தூக்கி எறியும். எறியப்பட்டவர் திரையில் "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று வரும். தீர்வு ரொம்பச் சுலபம், எல்லோரும் தேதி வரிசைப்படிதான் பூட்ட வேண்டும் என்று வைத்தால் இந்த முட்டல் வராது. ஆனால் சாதாரண நாட்களில் இந்தப் பிரச்சினை கண்ணுக்கே தெரியாது என்பதால் யாரும் செய்து வைப்பதில்லை. புத்தாண்டு, பொங்கல், கொடைக்கானல் சீசன் என்று எல்லோரும் அதே மூன்று இரவுகளைக் கேட்கும்போதுதான் வெடிக்கும். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு அறை விற்கிறவர்களுக்கு ஒரே இரவு என்பதால் இந்தக் குறிப்பிட்ட முட்டல் இல்லை, ஆனால் ஊரே அந்த ஒரு வரியைத்தான் கேட்கும், அது வேறு வகை அவஸ்தை.

இன்னொரு கொடுமை, பணம் கட்டி முடிக்கும் வரை பூட்டைப் பிடித்துக்கொண்டே இருப்பது. ஒருவர் யுபிஐ செயலிக்குப் போய், பின் எண்ணை மறந்து, மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டு வருவதற்குள் ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை டேட்டாபேஸில் ஒரு இணைப்பு சும்மா காத்துக் கிடக்கும். செய்ய வேண்டியது, பூட்டி, எண்ணிக்கையைக் குறைத்து, "இந்த அறை பத்து நிமிடத்துக்கு இவருக்கு" என்று ஒரு வரி எழுதிவிட்டு உடனே பூட்டைத் திறந்துவிடுவது. பத்து நிமிடத்தில் பணம் வராவிட்டால் அறை தானாகத் திரும்பக் கடைக்கு வரும். திரையிலும் ஒரு கடிகாரம் ஓடினால் வாடிக்கையாளருக்கும் நிலைமை புரியும். இந்தக் கடிகாரத்தை வாடிக்கையாளரைப் பயமுறுத்துவதற்காகப் பொய்யாக ஓட விடுகிறவர்கள் உண்டு, "இந்த அறையை இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்" என்று சும்மா எழுதுகிறவர்களும் உண்டு. அது மோசடி, வேறு பெயர் கிடையாது.

அறை விற்பது ஹோட்டலின் சொந்தத் தளம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆன்லைன் பயண நிறுவனங்கள் நான்கைந்து விற்கின்றன, முன் மேசையில் நேரில் வருகிறவருக்கும் விற்கிறார்கள், இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க சேனல் மேனேஜர் என்று ஒரு மென்பொருள் உண்டு. நெருக்கடி நேரத்தில் அது சில நிமிடங்கள் பின்தங்கினால் கடைசி அறை இரண்டு பேருக்கு விற்றுவிடும். அதனால் சீசன் நாட்களில் கடைசி இரண்டு மூன்று அறைகளை வெளியாருக்குக் கொடுக்காமல் சொந்தத் தளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பயண நிறுவனங்களுக்குப் போகும் கமிஷன் நூற்றுக்கு 15 முதல் 25 வரை என்பதால் முதலாளிக்கும் அதில் வருத்தம் இருக்காது.

வருகிறவர்கள் எல்லோரும் மனிதர்களும் இல்லை. தத்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே வர முயல்வதில் பாதி வரை பாட் எனப்படும் தானியங்கி நிரல்கள் என்று ரயில்வேயே 2025-இல் சொன்னது. சந்தேகத்துக்கு இடமான இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட கணக்குகளை முடக்கினார்கள், ஜூலை முதல் தத்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு வந்தது. ஹோட்டலில் இதே வேலையை விலை ஒப்பிடும் தளங்களும் பக்கத்து ஹோட்டல்காரர்கள் காசு கொடுத்து வைத்திருக்கும் விலை வேவு நிரல்களும் செய்கின்றன. அடுத்த தொண்ணூறு நாளுக்கும் என்ன விலை என்று ஒவ்வொரு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கும், ராத்திரி பகல் கிடையாது. ஒரே இடத்தில் இருந்து நிமிடத்துக்கு இத்தனை கேள்விக்கு மேல் வந்தால் நிறுத்து என்று ஒரு வரம்பு வைத்தால் பாரம் பளிச்சென்று இறங்கும். பெரிய சர்வர் வாங்கி இந்த வேவுக்காரர்களுக்கு வேகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டல் குழுமத்தை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

படங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கேமராவில் எடுத்த எட்டு எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள், வெப்பி என்ற சின்னக் கோப்பு வடிவத்தில் சுருக்குங்கள், கீழே இருக்கும் படம் கீழே வரும்போது இறங்கினால் போதும். முகப்பில் மேகம் நகர்கிற வீடியோ வேண்டவே வேண்டாம், மேட்டுப்பாளையம் தாண்டி சிக்னல் விட்டு விட்டு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து அறை தேடுகிறவருக்கு அந்த மேகம் ஜன்னலிலேயே தெரியும். முதலாளியின் அண்ணன் மகன் எடுத்த வீடியோ என்றால் மட்டும் எடுக்கச் சொல்லிச் சண்டை போட மாட்டேன், அது நடக்காது.

எவ்வளவு செய்தாலும் சில நாட்களில் கூட்டம் மிஞ்சத்தான் செய்யும். 2022 நவம்பரில் அமெரிக்காவில் டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரிக்கு டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டர் தளம், அன்று தங்களுக்கு 350 கோடி கோரிக்கைகள் வந்தன, அதற்கு முன் பார்த்த உச்சத்தைப் போல் நான்கு மடங்கு என்று சொன்னது. அவ்வளவையும் தாங்கும்படி எந்த ஹோட்டலும் கட்ட வேண்டியதில்லை, கட்டவும் முடியாது. அதற்குத்தான் காத்திருப்புப் பக்கம். திருப்பதி தரிசன டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது பழக்கம்தான், 2024 செப்டம்பரில் கோல்ட்பிளே இசைக்குழுவின் கச்சேரிக்கு முயன்றவர்களுக்கு வரிசை எண்ணே லட்சங்களில் வந்தது. கல்யாண வீட்டில் பந்தி நிறைந்துவிட்டால் அடுத்தவர்களை மண்டபத்திலேயே உட்கார வைத்து, இந்தப் பந்தி எழுந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்வார்கள் இல்லையா, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே எல்லோரும் போய் நின்றால் பரிமாறுகிறவர் நடக்கவே முடியாது. தளத்திலும் அதேதான். உள்ளே இருநூறு பேர் நிம்மதியாக அறை எடுக்கட்டும், மீதிப் பேருக்கு "உங்களுக்கு முன்னால் இத்தனை பேர், சுமார் இவ்வளவு நேரம்" என்று உண்மையைச் சொல்லிவிடலாம். அந்தப் பக்கம் வெறும் எழுத்துப் பக்கம், எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. மக்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று முதலாளிகள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் நம் ஜனம் காத்திருக்கும், சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைத்தான் பொறுக்காது.

கூட்டத்தையே பிரித்து வரவழைப்பது இன்னும் மலிவு. 2015 ஜூனில் தத்கலை ஏசிக்குக் காலை பத்து மணி, மற்றதுக்குப் பதினொன்று என்று ரயில்வே பிரித்தது. அதற்கு ஒரு சர்வர்கூட வாங்க வேண்டியதில்லை. டிசம்பர் கடைசி வாரத்து அறைகளை எல்லாக் கிளைகளுக்கும் ஒரே காலையில் திறக்காமல் ஏற்காடு ஒரு நாள், ஊட்டி மறுநாள் என்று திறந்தாலே உச்சம் இறங்கிவிடும். மலை ஊர் ஹோட்டல்களுக்கு இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும் கொடைக்கானலில் 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். இதனால் என்ன ஆகிறது என்றால், இ-பாஸ் கிடைக்கும் தேதியைப் பார்த்துவிட்டு அறைக்கு வருகிறார், அறை இல்லை என்றதும் வேறு தேதிக்கு இ-பாஸ் பார்க்கப் போகிறார், திரும்ப வருகிறார். ஒரே குடும்பம் காலண்டரைப் பத்து தடவை திறக்கிறது. காலண்டரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளாத தளம் இந்த ஒரு காரணத்துக்கே மூச்சு வாங்கும்.

கட்டி முடித்ததும் சோதிக்காமல் திறப்பதுதான் கடைசிப் பாவம். ஜேமீட்டர், கே6 என்று இலவசக் கருவிகள் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான பொய் வாடிக்கையாளர்களை அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் முகப்புப் பக்கத்தை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு "ஐயாயிரம் பேர் தாங்கும் சார்" என்று சான்றிதழ் கொடுக்கிற ஆட்களை நம்பக் கூடாது. அதே மூன்று இரவுகளுக்கு நூறு பேர் ஒரே நேரத்தில் பணம் கட்டப் போனால் என்ன ஆகிறது என்று சோதிக்க வேண்டும். புதுத் தளத்தை ஏப்ரலில் திறக்கவும் கூடாது. ஜூலை, ஆகஸ்ட் மழையில் மலையில் கூட்டம் குறையும், அப்போது ஒரு கிளையில் ஆரம்பித்து, முதலில் படங்கள், பிறகு காலண்டர், கடைசியில் பணம் கட்டும் பகுதி என்று பழையதைத் துண்டு துண்டாக மாற்றலாம். பழைய பக்கங்களின் முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிட மறந்தால் கூகுளில் இருந்த இடம் போய்விடும், அது தனிக் கதை. ஜிஎஸ்டி வரியை நிரலுக்குள் எண்ணாக எழுதி வைத்திருந்தவர்கள் 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ராத்திரி பட்ட பாட்டையும் சொல்லலாம். 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்த நாள் அது, சிடிஎன்-இல் பழைய வரியோடு சேர்த்து வைத்திருந்த விலைப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. வரி ஒரே இடத்தில் இருந்து வர வேண்டும் என்பது கல்லூரிப் பாடம்தான்.

பணம் போய் அறை வராத விஷயத்தை ஒரு வாசகி தனியாக எழுதியிருந்தார். அங்கே நடப்பது இது. வங்கியில் பணம் எடுத்தாகிவிட்டது, "வந்துவிட்டது" என்று ஹோட்டல் தளத்துக்குச் செய்தி வரும்போது தளம் படுத்துக் கிடக்கிறது, செய்தி வாங்க ஆள் இல்லை. நன்றாகக் கட்டிய தளத்தில் அந்தச் செய்தி ஒரு வரிசையில் போய் உட்காரும், தளம் எழுந்ததும் எடுத்துப் பார்க்கும், வராத செய்திகளுக்குத் தானே போய்ப் பணப் பரிமாற்ற நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்துவிட்டால் இரண்டு முறை அழுத்தினாலும் ஒரு முறைதான் பணம் போகும். இவ்வளவையும் செய்யாத தளத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பதறி இன்னொரு முறை கட்ட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-இல் போட்ட சுற்றறிக்கைப்படி, யுபிஐ-யிலோ இணையத்தில் கார்டு மூலமோ பணம் எடுக்கப்பட்டு விற்பனையாளருக்கு உறுதி போய்ச் சேரவில்லை என்றால் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும், நாம் கேட்காமலே. வராவிட்டால் பரிமாற்ற எண்ணோடு முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், முப்பது நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே கட்டணம் இல்லாமல் போடலாம். ஹோட்டலுக்குப் போன் செய்துகொண்டே இருப்பதில் பயன் இல்லை, முன் மேசையில் இருக்கும் பையனுக்கு அந்தப் பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்கவே வழி கிடையாது.

இப்படிக்கு,
ஹோட்டல் இணையதள வேலையில் இருக்கும் வாசகர்,
கோயம்புத்தூர்